ஏ-4 வீதியால் வந்த பயம்

கல்முனைக் கடைத்தெருவை ஊடறுத்துப் போகும் ஏ-4 வீதி, மட்டக்களப்பையும் கொழும்பையும் தெற்கால் சுற்றி இணைக்கிறது. 2011 நோன்பு மாதத்தில் கிறீஸ் பூதம் இந்த வீதியால்தான் எங்களிடம் வந்தது என்பது என் எண்ணம். அது புறப்பட்ட இடத்தைப் பார்க்கவே பொத்துவில் பஸ்ஸில் ஏறினேன்.

சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும் கரை இது. அந்த ஆகஸ்டில் எல்லா ஊரிலும் ஒரே கதைதான். உடம்பெல்லாம் கிறீஸ் பூசியிருப்பான், பிடித்தால் வழுக்கிவிடுவான், பெண்களைக் கீறிவிட்டு ஓடுவான். ஆண்கள் தராவீஹ் தொழப் பள்ளிக்குப் போன நேரத்தில் வீடுகளுக்குள் விளக்கு அணையவில்லை. கணவன் கத்தாரிலோ சவூதியிலோ இருக்க, பிள்ளைகளோடு தனித்திருந்த பெண்கள் எங்கள் பக்கம் ஏராளம். நிந்தவூரில் இறங்கி ஒரு ராத்தாவிடம் கேட்டேன். "அவன் வந்தானா இல்லையா எண்டு எனக்குத் தெரியா தம்பி. அந்த நோன்பு முழுக்க மஃரிபுக்குப் பிறகு கிணத்தடிக்குப் போகல்ல, அது மட்டும் தெரியும்" என்றார்.

பொத்துவிலில் அந்த மாதம் ஊர்மக்களுக்கும் பொலிஸாருக்கும் மோதல் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். ஹப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் பூதமென்று சந்தேகித்து இருவரை அடித்தே கொன்றார்கள். புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கூட்டத்தின் கையில் உயிரிழந்தார். துரத்தப்பட்டவன் படை முகாமுக்குள் ஓடி மறைந்தான் என்று பல ஊர்கள் சொல்லின. அரசு மறுத்தது. போர் முடிந்து இரண்டே வருடம், அவசரகாலச் சட்டமும் நடப்பில் இருந்தது. அந்த மறுப்பை நம்பும் நிலையில் எங்கள் கரை இருக்கவில்லை.

மொனராகலை, வெல்லவாய தாண்டி வீதி மலையேறுகிறது. பெல்மதுளையில் ஏ-4ஐ விட்டுத் தெற்கே திரும்பினால் கஹவத்தை. தேயிலையும் இரத்தினக்கல் குழிகளும் உள்ள ஈரமான ஊர். இங்கே, கொட்டகெத்தனவை அண்டிய பகுதியில், 2008 முதல் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், வசதியற்றவர்கள். ஆட்கள் பிடிபட்ட பின்னும் கொலை நிற்கவில்லை, 2012இலும் தொடர்ந்தது. பிறகு டிஎன்ஏ சோதனைகள் நடந்தன, சில வழக்குகள் நீதிமன்றம் வரை போயின. எல்லாவற்றையும் செய்தது ஒருவனா பலரா என்ற கேள்வி மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. பூதக் கதைக்கு விதை இந்தக் கொலைகள்தான் என்று நினைக்கிறேன்.

தேத்தண்ணிக் கடையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண் ஒருவரிடம் பூதத்தைப் பற்றிக் கேட்டேன். "பூதமெல்லாம் உங்க பக்கம் வந்ததுங்க. இங்க செத்தது பொம்பளைங்க" என்றார். கொழுந்து நிறுத்துவிட்டு இருட்டுமுன் கூட்டமாகவே வீடு திரும்பினார்களாம். ஒருத்தி பிந்தினால் மற்றவர்கள் காத்து நின்றிருக்கிறார்கள்.

லண்டனின் வைட்சப்பலிலும் 1888இல் இப்படித்தான் ஏழைப் பெண்கள் கொல்லப்பட, பயம் வேறு யார் மேலோ பாய்ந்தது. முதலில் கொல்லப்பட்டவராகப் பலரும் எண்ணும் மேரி ஆன் நிக்கல்ஸ், சத்திரத்துப் படுக்கைக்கு நாலு பென்ஸ் இல்லாமல் தெருவுக்கு வந்தவர். கொலைகாரன் கிடைக்காதபோது ஊர் யூதக் குடியேறிகள் மேல் பாய்ந்தது. அவர்களைச் சுட்டிச் சுவரில் எழுதியிருந்ததை, கலவரம் மூளும் என்று அஞ்சிப் பொலிஸ் ஆணையாளர் சார்ல்ஸ் வாரன் விடியுமுன்னரே அழிக்கச் சொன்னார். இன்றுவரை ஆள் யாரென்று தெரியவில்லை. ஆனாலும் அந்தக் கொலைகாரனுக்கு இட்ட 'ஜாக்' என்ற பெயர் உலகம் முழுக்கத் தெரியும். அவன் காலடியைக் காட்ட டிக்கெட் விற்கிறார்கள். இது எனக்குக் கோபமூட்டுகிறது. மேரி ஆன், ஆனி, எலிசபெத், கேத்தரின், மேரி ஜேன் என்ற ஐந்து பெண்களின் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்?

கல்முனையில் எந்தப் பிள்ளையும் கிறீஸ் பூதத்தை வரைந்து காட்டும். கஹவத்தை எங்கே என்று அதற்குத் தெரியாது. அங்கே கிழவிகளைக் கொன்றவர்கள் யாரென்று அப்போதே கண்டுபிடித்துச் சொல்லியிருந்தால், பொத்துவில்காரர் சுடப்பட்டிருக்கமாட்டார், ஹப்புத்தளையில் அந்த இருவரும் வீடு போயிருப்பார்கள் என்று ஊருக்குத் திரும்பியதும் பிள்ளைகளிடம் சொல்லத் தொடங்கியிருக்கிறேன்.