வெறும் பட்டியல் வந்தா நம்பலாமா? ஒரு டாக்டரும் ஈமேக்ஸும் (த்ரெட்)

1/
ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்க உங்க வீட்டுல இருக்காங்களா? அப்போ இந்த த்ரெட் உங்களுக்கும்தான். பாதி கம்ப்யூட்டர், பாதி மருத்துவம். கோட் எழுதத் தெரியாதவங்களும் தைரியமா படிக்கலாம்.

2/
இதயத்துல உலோக வால்வு வெச்சவங்களுக்கு இந்த மாத்திரை ஆயுள் முழுக்க. ரத்தம் எவ்வளவு தாமதமா உறையுதுன்னு ஐ.என்.ஆர் டெஸ்ட் சொல்லும். வால்வைப் பொறுத்து அது பெரும்பாலும் 2-லிருந்து 3.5-க்குள்ள இருக்கணும். குறைஞ்சா வால்வுல ரத்தக்கட்டி, பக்கவாதம். கூடினா ரத்தக்கசிவு. அதனால அடுத்த டெஸ்ட் தேதியும் மாத்திரை அளவுக்கு முக்கியம்.

3/
மருத்துவமனைப் பதிவேடு தனியா இருக்கு. அதுக்கு மேல ஒரு இரண்டாவது வலையா நானும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் வெச்சிருக்கேன். பேர் கிடையாது. ஓ.பி. நம்பர், கடைசி அளவு, அடுத்த தேதி, அவ்வளவுதான். என் லேப்டாப்பை விட்டு வெளியே போகாது.

4/
அதை எழுதுறது ஈமேக்ஸ்ங்கிற டெக்ஸ்ட் எடிட்டர்ல. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல குனூ ஈமேக்ஸை வெளியிட்டார். இன்னிக்கும் உயிரோட இருக்கு. எடிட்டர்னு சொன்னாலும் அதோட பெரும்பகுதி லிஸ்ப் மொழியில எழுதப்பட்டது. லிஸ்ப், ஜான் மெக்கார்த்தி 1958-ல எம்.ஐ.டி-யில ஆரம்பிச்ச மொழி. எடிட்டருக்குள்ளேயே நாமும் அதுல ஃபங்ஷன் எழுதிக்கலாம்.

5/
"இன்னிக்குத் தேதி தாண்டினவங்க யார் யார்?"னு சொல்ற ஒரு ஃபங்ஷன் என்கிட்ட இருக்கு. ஈமேக்ஸைத் திறந்து ஒரு கீயை அழுத்தினா பட்டியல் வரும். ஆனா திறந்தால்தானே வரும்? நைட் டியூட்டி முடிஞ்ச காலையில யாருக்கு ஞாபகம் இருக்கும்? தினமும் 6.30-க்கு தானா வரணும். அதாவது எடிட்டருக்குள்ள வாழுற கோட், எடிட்டரைத் திறக்காமலே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் மாதிரி ஓடணும்.

6/
ஷெல் ஸ்கிரிப்ட்னா டெர்மினல்ல ஓடுற கட்டளைகளோட ஃபைல். அதோட முதல் வரி #! னு ஆரம்பிக்கும். "இந்த ஃபைலை இன்ன புரோகிராம்கிட்ட கொடு"ன்னு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குச் சொல்ற சீட்டு அது. 1980-ல பெல் லேப்ஸ்ல டென்னிஸ் ரிச்சி யூனிக்ஸ்ல சேர்த்தது. நம்ம ஓ.பி. சீட்டுல "அறை எண் 4" னு எழுதி அனுப்புற மாதிரிதான்.

7/
ஈமேக்ஸுக்கும் இந்த வசதி இருக்கு. முதல் வரியில ஈமேக்ஸோட முழு முகவரி, பக்கத்துல "ஸ்கிரிப்ட்" ங்கிற ஆப்ஷன். போதும். விண்டோ எதுவும் திறக்காது. ஃபைலைப் படிக்கும், வேலையை முடிக்கும், போயிடும். #! வரியை லிஸ்ப்னு நினைச்சு குழம்பாம தாண்டிடும்.

8/
ஆனா ஈமேக்ஸ் ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் ஒவ்வொரு இடத்துல இருக்கும். "நீயே தேடிக்கோ"ன்னு சொல்ல "என்வ்"னு ஒரு கட்டளை உண்டு. அதைப் போட்டா லினக்ஸ்ல சிக்கல். புரோகிராம் பேருக்குப் பிறகு வர்ற எல்லாத்தையும் லினக்ஸ் ஒரே துண்டாத்தான் கொடுக்கும். அதனால "ஈமேக்ஸ் ஸ்கிரிப்ட்"ங்கிற ரெண்டும் சேர்ந்து ஒரே பேர்னு நினைச்சுத் தேடி, "அப்படி யாரும் இங்க இல்லை"ன்னுடும்.

9/
இதுக்கு ஒரு அழகான பழைய வழி இருக்கு. முதல் வரியில ஷெல்லையே கூப்பிடுங்க. ரெண்டாவது வரி ":"; னு ஆரம்பிக்கட்டும். அதே வரியில தொடர்ந்து "இந்த ஃபைலை ஈமேக்ஸ்கிட்ட ஒப்படை"ன்னு ஷெல்லுக்கான கட்டளை.

ஷெல் பார்வையில: ":" னா சும்மா இரு. ; னா அடுத்த கட்டளைக்குப் போ. போய் ஈமேக்ஸை எழுப்பிட்டு தான் விலகிடும்.

லிஸ்ப் பார்வையில: ":" வெறும் ஒரு எழுத்துச் சரம், எந்தக் கெடுதலும் இல்லை. ; வந்துட்டா அந்த வரியோட மிச்சம் முழுக்க கமென்ட். கண்டுக்காம மூணாவது வரிக்குப் போயிடும்.

10/
ஒரே வரி, ரெண்டு மொழி, ரெண்டு அர்த்தம். காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் சேர்த்து ஒரே பாட்டு பாடினாரே, அதே சிலேடைதான். இங்க அரைப்புள்ளி அந்த வேலையைச் செய்யுது.

11/
ஓடிடுச்சு. அடுத்து பட்டியலை எதுல அச்சிடுறோம்னு பார்க்கணும். ஈமேக்ஸ்ல வழக்கமா பயன்படுத்துற "மெசேஜ்" ஃபங்ஷன், இப்படி ஓடும்போது பிழைச் செய்திகள் போற குழாய்ல எழுதும். பட்டியலை இன்னொரு புரோகிராமுக்கு அனுப்பினா அங்க ஒண்ணுமே போய்ச் சேராது. "பிரின்சி"ங்கிற ஃபங்ஷன்தான் சரியான குழாய்ல எழுதும்.

12/
இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். ஒரு காலையில பட்டியல் காலியா வருது. என்ன அர்த்தம்?

அ) இன்னிக்கு யாருக்கும் டெஸ்ட் பாக்கி இல்லை.
ஆ) ஸ்கிரிப்ட் யாரையும் பார்க்கவே இல்லை.

ரெண்டுக்கும் ஸ்கிரீன் ஒரே மாதிரிதான் இருக்கும்.

13/
ஐ.சி.யு. மானிட்டர்ல நேர்கோடு வந்தா ஒண்ணு இதயம் நின்னிருக்கணும், இல்லைன்னா லீட் கழன்றிருக்கணும். அதனாலதான் முதல்ல நோயாளியைப் பாரு, லீடைப் பாருன்னு சொல்லிக் கொடுக்குறாங்க. காலிப் பட்டியலும் ஒரு நேர்கோடுதான்.

14/
லீட் எப்படியெல்லாம் கழலும்?

தினமும் தானா ஓட வைக்கிற "கிரான்" நம்ம டெர்மினல் அளவுக்கு இடங்களைத் தேடாது. ஈமேக்ஸ் கிடைக்காம ஷெல் 127-ங்கிற எண்ணோட முடிஞ்சிடும்.

ஃபைலே இல்லைன்னா லிஸ்ப் பிழை வரும். அப்பவும் 0 அல்லாத எண்.

மோசமானது மூணாவது: ஃபைல் இருக்கு, ஆனா உள்ளே காலி. பிழையே இல்லை. எண் 0. "எல்லாம் நலம்"னு பொய் சொல்லும்.

15/
யூனிக்ஸ்ல ஒவ்வொரு புரோகிராமும் போகும்போது ஒரு எண் விட்டுட்டுப் போகும். 0 னா வெற்றி, மத்ததெல்லாம் தோல்வி. அதனால ஸ்கிரிப்ட்டோட கடைசியில ரெண்டு விஷயம் வெச்சிருக்கேன்.

ஒண்ணு: மொத்தம் எத்தனை பேரைப் படிச்சதுன்னு எப்பவும் சொல்லணும். "62 பேரைப் பார்த்தேன், இன்று 0" ங்கிறதும், ஒண்ணுமே வராததும் வேற வேற.

ரெண்டு: மொத்தம் 0 னா "கில் ஈமேக்ஸ்" ஃபங்ஷனை 1-ங்கிற எண்ணோட கூப்பிடணும். எண் 0 இல்லைன்னா ஷெல் "பட்டியல் எடுக்க முடியல, கையால பாருங்க"ன்னு எனக்குச் சொல்லும்.

16/
2023-ல வந்த ஈமேக்ஸ் 29-ல இதுக்குன்னே "எக்ஸ்"னு ஒரு ஆப்ஷன் சேர்த்திருக்காங்க. ஸ்கிரிப்ட்டோட கடைசி வரி ஒரு எண்ணைத் தந்தா அதுவே வெளியேறும் எண். எண் இல்லாம வேற எதுவா இருந்தாலும் 0 தான். கவனம்.

17/
"பைத்தான்ல எழுதிட்டா முடிஞ்சதே டாக்டர்?" முடியும். ஆனா அப்போ தேதி பார்க்குற லாஜிக் ரெண்டு இடத்துல இருக்கும். வார்டுல ஒரே நோயாளிக்கு ரெண்டு மருந்துச் சீட்டு இருந்தா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். ஒண்ணுல டோஸ் மாத்துவாங்க, இன்னொண்ணுல பழசே இருக்கும். நான் பகல்ல கையால ஓட்டிப் பார்க்குற அதே ஃபங்ஷன்தான் காலையில தனியாவும் ஓடணும்.

18/
கடைசியா, கோட் பக்கமே போகாதவங்களுக்கு. டெஸ்ட் கொடுத்துட்டு வந்து, "போன் வரலை, அப்போ நார்மல்தான்"னு நினைக்காதீங்க. போன் வராததுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ரிப்போர்ட் நல்லா இருக்கு, இல்லைன்னா யாரும் இன்னும் பார்க்கலை. கூப்பிட்டுக் கேளுங்க: "ரிப்போர்ட் பார்த்தீங்களா? அளவு எவ்வளவு? அடுத்த டெஸ்ட் எப்போ?"

இந்த மூணு கேள்விக்கும் எந்த டாக்டரும் கோவிச்சுக்க மாட்டார். கோவிச்சுக்கிட்டாலும் கேளுங்க.