ஏமாற்றம் கண்ட வீட்டில் உபதேசியார்

சபை ஊழியத்தில் வீடு சந்திப்பு பல வகைப்படும். பிள்ளை பிறந்த வீடு, நோய் வீடு, துக்க வீடு ஆகியவற்றுக்கு முறை உண்டு. பாட வேண்டிய பாட்டும் வாசிக்க வேண்டிய பகுதியும் எல்லோருக்கும் தெரியும். ஊரும் கூட வரும். ஏமாற்றம் கண்ட வீட்டுக்கு அப்படி ஒரு முறை ஏற்படவில்லை. ஆலயத்தில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசித்த பிறகு நின்றுபோன கல்யாணம், எட்டு வருடமாகியும் தொட்டில் கட்டாத வீடு, நிலம் விற்ற பணத்தை ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு வளைகுடாவுக்குப் போக முடியாமல் திரும்பி வந்த மகன்: இங்கெல்லாம் யாரும் சாகவில்லை, அதனால் ஊர் கூடுவதில்லை. முழங்காலில் நின்று கேட்டது கிடைக்கவில்லை, அவ்வளவுதான். உபதேசியார் வாசலில் வந்து நிற்கும்போது, ஆண்டவர் சார்பில் பதில் சொல்ல வந்தவராகவே அந்த வீட்டார் அவரைப் பார்க்கிறார்கள். இந்த ஊழியத்தின் கடினம் அந்தப் பார்வையில் தொடங்குகிறது.

முதல் சந்திப்பில் பேச்சு குறைவாக இருக்க வேண்டும். யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. ரூத்தின் புத்தகம் இதை இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. கணவனையும் இரண்டு மகன்களையும் மோவாபில் புதைத்துவிட்டுப் பெத்லகேமுக்குத் திரும்பும் நகோமி, தன்னை இனி மாராள் என்றே கூப்பிடச் சொல்லி, தனக்கு வந்த கசப்பைச் சர்வவல்லவர் பெயரிலேயே எழுதிவிடுகிறாள். அதைக் கேட்ட ஊர்ப் பெண்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று முதல் அதிகாரத்தில் ஒரு சொல் கிடையாது. யாரும் அவளைத் திருத்தவில்லை. நான்காம் அதிகாரத்தில், பேரப்பிள்ளை ஓபேத் பிறந்த பிறகுதான் அவர்கள் வாய் திறந்து கர்த்தரைத் துதிக்கிறார்கள். கர்த்தர் இன்னதைச் செய்தார் என்று கதை சொல்பவர் நேரடியாகச் சொல்லும் இடங்களும் அந்தப் புத்தகத்தில் இரண்டே: பெத்லகேமுக்கு ஆகாரம் கொடுத்தது, நகோமியின் மருமகள் ரூத்துக்குக் கர்ப்பம் தந்தது. நடுவில் உள்ளதெல்லாம் கதிர் பொறுக்குவதும், ஊர் வாசலில் பெரியவர்கள் உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதும்தான். பின்னால் தன்னை மணக்கப்போகும் போவாசின் வயலுக்குள் ரூத் போனதுகூடத் தற்செயல் போலவே சொல்லப்படுகிறது.

தமிழ்ச் சபைக்கு இந்தப் புத்தகத்தோடு தனி உறவு உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்க், 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத் வரை வந்திருந்தபோது, 1719இல் தம் 36ஆம் வயதில் இறந்தார். மீதியைப் பின்னால் வந்த பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். பாதியில் நின்ற வேலை எந்தப் புத்தகத்தில் வந்து நின்றது என்பதைப் பயிற்சிக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இப்போது யாரும் சொல்லுவதில்லை.

வாய் திறக்காமல் உட்காருவது எப்படி என்பதை ஒருவர் செய்யப் பார்த்துத்தான் கற்க முடியும். தேரிக்காட்டுப் பக்கத்துச் சேகரம் ஒன்றில் நாற்பது வருடம் உபதேசியாராக இருந்த முதியவர் ஒருவர், பயிற்சிக்கு வந்த இளைஞனை இப்படியொரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். மணப்பெண் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். தாய் திண்ணையில் சொளகை வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். முதியவர் குடையைச் சுவரில் சாய்த்தார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், பிறகு சொளகின் மறுபக்கம் உட்கார்ந்து தாமும் ஒரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினார். வேதப்புத்தகம் துணிப்பையை விட்டு வெளியே வரவில்லை. அரை மணி நேரம் அப்படியே போயிற்று.

“ரெண்டு ஓலை வாசிச்சாச்சே ஐயா. ஆண்டவருக்கு இது முந்தியே தெரியாதா?” என்று தாய் கேட்டார்.

“எனக்குத் தெரியலம்மா” என்றார் முதியவர்.

கீரை முடிந்ததும், “வியாழக்கிழமை வாரேம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். இளைஞனுக்கு அவமானமாக இருந்தது. மனப்பாடமாகத் தெரிந்த ஏழெட்டு வசனங்களில் ஒன்றைக்கூட அவர் சொல்லவிடவில்லை. திரும்பும் வழியில் முதியவர், தெரியாததைத் தெரியும் என்று சொன்னால் அந்த அம்மா அடுத்த தடவை கேள்வியே கேட்க மாட்டார்கள், கேள்வி நின்றுபோனால் ஜெபமும் நின்றுபோகும் என்றார். அவர் வியாழக்கிழமை போனார். அடுத்த வியாழனும் போனார். ஐந்தாவது வாரம், ஏதாவது வாசியுங்கள் ஐயா என்று அந்தத் தாயே கேட்டார்.

வாசிக்கும் பகுதியைத் தேர்ந்தெடுப்பது அடுத்த வேலை. பெரும்பாலோர் யோசேப்பின் கதைக்குப் போவார்கள். போகலாம், ஆனால் வயதைக் கணக்கிட்டுக்கொண்டு போக வேண்டும். சகோதரர் குழியில் போட்டு விற்றபோது அவனுக்கு வயது 17. பார்வோன் முன் நின்றபோது 30. பானபாத்திரக்காரன் அவனை மறந்துபோன பிறகு இரண்டு முழு வருடங்கள் சிறையில் கழிந்தன. அந்த இரண்டு வருடத்தை வேதம் அரை வரியில் கடந்துவிடுகிறது. செழிப்பான ஏழு வருடமும் பஞ்சத்தில் இரண்டு வருடமும் போன பின், ஏறத்தாழ 39 வயதில்தான், தேவனே தன்னை முன்னதாக அனுப்பினார் என்று சகோதரரிடம் சொல்கிறான். குழிக்கும் அந்தச் சொல்லுக்கும் இடையே 22 வருடம். சொன்னவனும் யோசேப்பு, வேறு யாரும் அல்ல. குழிக்குள் கிடந்தவனை எட்டிப் பார்த்து வேறொருவர் அதே சொல்லைச் சொல்லியிருந்தால் அது கொடுமையாகியிருக்கும். ஆண்டவர் செயல்படுகிறார் என்று உபதேசியார் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். இன்ன காரணத்துக்காக இன்னதைச் செய்கிறார் என்று சொல்லும் உரிமை அந்த வீட்டாருடையது. அதுவும் காலம் வந்த பிறகு.

தேவனின் பெயரே வராத எஸ்தரின் புத்தகமும் இந்த இடத்துக்குப் பொருந்தும். ராஜாவைக் கொல்லச் செய்த சதியை மொர்தெகாய் வெளிப்படுத்தியதற்குக் கைம்மாறு எதுவும் கிடைக்கவில்லை. அது அரண்மனை நாளாகமத்தில் எழுதப்பட்டுக் கிடந்தது. வருடங்கள் கழித்து ஓர் இரவு ராஜாவுக்குத் தூக்கம் வராமல்போய் அதை வாசிக்கச் சொன்னான். மொர்தெகாய் அந்த இரவில் அரண்மனைக்குள் நடந்தது எதையும் அறியான்.

இப்போது இந்த வேலைக்கு வாக்குத்தத்த அட்டை போதும் என்றாகிவிட்டது. நலமான எதிர்காலத்தைச் சொல்லும் எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம் ரோஜாப்பூப் படத்தோடு வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது, கூடவே அரை நிமிடக் குரல்பதிவு ஜெபம். அதற்கு முந்தின 10ஆம் வசனம் 70 வருடம் என்று சொல்வது அட்டையில் அச்சாவதில்லை. அந்த அதிகாரம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அங்கேயே பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறது. இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அதே காலத்தில் ஆலயத்தில் நின்று சொன்னவன் அனனியா. ஜனங்களைப் பொய்யை நம்பும்படிச் செய்தான் என்று எரேமியா அவனைக் கண்டித்தார். இளம் ஊழியர்கள் எரேமியாவின் வசனத்தை எடுத்து அனனியாவின் செய்தியைக் கொடுக்கிறார்கள். இதைச் சுட்டிக்காட்டினால், காலம் மாறிவிட்டது ஐயா என்கிறார்கள். காத்திருக்கிறவர்களின் காலம் மாறவில்லை.

ஜெபம் சுருக்கமாக இருக்க வேண்டும். இழந்தது எதுவோ அதைப் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும்: நின்றுபோன கல்யாணம், குறித்த தேதி, மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம். வேறு மாப்பிள்ளைக்காக வீட்டார் கேட்காமல் ஜெபிக்கக் கூடாது. எவ்வளவு காலம் என்று 13ஆம் சங்கீதம் நான்கு முறை கேட்கிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. இவையும் ஆலயத்தில் பாடக் கொடுக்கப்பட்டவையே என்பதால், உபதேசியாரின் ஜெபம் வெளிச்சத்தில் முடிந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

கடைசியாக, திரும்பப் போவது. இதில்தான் ஊழியம் நிற்கிறது. அந்த முதியவர் அந்த வீட்டுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் வியாழன் தவறாமல் போனார். கல்யாணம் நின்ற காரணம் புரிந்துவிட்டதாக அந்தத் தாய் இன்றுவரை சாட்சி சொன்னதில்லை. ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் தவறாமல் வருகிறார், திருவிருந்து எடுக்கிறார். சபை ஊழியர் மாதம்தோறும் கொடுக்கும் அறிக்கையில், சந்தித்த வீடுகளின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஒரே வீட்டுக்கு எத்தனை முறை போனார் என்பதற்குக் கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தை இனியாவது சேர்க்க வேண்டும்.