தறி வீட்டுக்கு ஏசி: சில குறிப்புகள்

ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் என்று தேடினால் வருவதெல்லாம் அமெரிக்க வீட்டுக்கானவை. அங்கே வீடு முழுவதற்கும் ஒரே எந்திரம். குளிர்காலத்தில் சூட்டையும் கோடையில் குளிரையும் அதுவே எல்லா அறைக்கும் அனுப்பும். சுவரில் இருக்கும் சின்னப் பெட்டி சொல்கிறபடி அது ஓடும், நிற்கும். 2011இல் டோனி ஃபேடல் கொண்டுவந்த நெஸ்ட், அந்தப் பெட்டியின் புத்திசாலிப் பிள்ளை. ஜவ்வாதுமலைப் பக்கம் உள்ள எங்கள் சேத்துப்பட்டில் அதை மாட்ட சுவர் கிடைக்கும், இணைக்க ஒயர் கிடைக்காது. இங்கே ஒரு வீட்டில் ஓர் அறையைக் குளிர வைத்தாலே பெரிய காரியம், அதுவும் ராத்திரிக்கு மட்டும்.

*

அறை மாடியில். மேலே காங்கிரீட் தளம், மேற்கே ஜன்னல். பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் ராத்திரி பதினோரு மணி வரை இறக்கிக்கொண்டே இருக்கிறது. “மொதல்ல மாடிக்கு வெள்ளை அடிங்க, ஏசியை அப்புறம் பாக்கலாம்” என்றார் கொத்தனார். ஏசிக் கடையில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் பிழைப்பது எப்படி?

*

கரண்ட் கணக்கு. 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி, நல்ல நட்சத்திரம் உள்ளது, நம் வெயிலுக்கு மணிக்குச் சராசரி 0.6 யூனிட் என்று வைத்துக்கொள்கிறேன். ராத்திரி 8 மணி நேரம், 60 நாள்: கிட்டத்தட்ட 290 யூனிட். ஏற்கெனவே விசிறி, ஃபிரிட்ஜ், மிக்ஸி, டிவி, மோட்டார் எல்லாம் சேர்ந்து 220, 230 ஓடுகிற வீடு. கூட்டினால் 500ஐத் தாண்டிவிடுகிறது. நம் ஊர் இ.பி. பில்லில் 500 ஒரு வரப்பு. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, இரண்டாவது நூறுக்குக் கிடைத்த சலுகையும் போய்விடும். 499க்கும் 501க்கும் நடுவே இருப்பது இரண்டு யூனிட் இல்லை.

அதனால் எனக்கு வேண்டிய ஸ்மார்ட் கருவி எது என்று யோசித்தால், அறை எத்தனை டிகிரி என்று சொல்வதைவிட, இந்த இரண்டு மாதத்தில் இதுவரை எத்தனை யூனிட் ஓடியது என்று சொல்வது. ரீடிங் எடுக்க வருகிறவர் போன தேதியிலிருந்து எண்ண வேண்டும். ஏசியின் செயலிகளில் சில, யூனிட் காட்டுகின்றன. ஆனால் காலண்டர் மாதக் கணக்கில் காட்டுகின்றன. மீட்டரைப் பார்த்து நாமே எழுதி வைப்பதே சுலபம்.

*

24. எரிசக்தித் திறன் பணியகத்தின் விதிப்படி 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திர முத்திரை உள்ள அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் முதலில் உயிர்பெற வேண்டும். பிறகு நாம் குறைத்துக்கொள்ளலாம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது பணியகத்தின் கணக்கு. 20க்குக் கீழே இறங்கவே விடாத ஏசிகளைக் கொண்டுவரப்போவதாக 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் சொன்னார். சொன்ன மறுநாளே தேநீர்க் கடையில் தனிமனித சுதந்திரம் பற்றிப் பெரிய பேச்சு. பேசியவர்கள் வீட்டில் ஏசி இல்லை.

27இல் வைத்து மேலே விசிறியை ஓட விட்டால் 24 போலவே இருக்கிறது. பழைய விசிறி 75 வாட் தின்னும். பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டுக்குள் முடித்துக்கொள்ளும், ரிமோட்டும் டைமரும் கூடவே வரும். ஸ்மார்ட் என்று எதையாவது வாங்கியே தீர வேண்டுமென்றால் முதல் காசு விசிறிக்கு.

*

ஏசியை ஃபோனில் இயக்க இரண்டு வழி. வைஃபை உள்ள ஏசியாகவே வாங்குவது ஒன்று. சாதா ஏசிக்கு முன்னால், ரிமோட் போலவே அகச்சிவப்புக் கதிர் வீசும் ஒரு குட்டிப் பெட்டியை வைப்பது மற்றொன்று. இரண்டாவது மலிவு, ஆனால் அது ஊமையோடு பேசுகிற கதை. கதிர் போகும், பதில் வராது. யாராவது கை ரிமோட்டில் அணைத்துவிட்டால் ஃபோன் இன்னும் ‘ஓடுகிறது’ என்றே காட்டும். இரண்டுமே பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும். கீழே இருக்கும் ரவுட்டரின் அலை தளத்தைத் தாண்டி மாடிக்கு வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கரண்ட் போனால் ரவுட்டரும் போகும் என்பது தனி.

இதையெல்லாம் விசாரித்த பிறகு, ஏசியோடு வரும் ரிமோட்டை ஒழுங்காகப் படித்தேன். ‘ஸ்லீப்’ அழுத்தினால் நடுராத்திரிக்குள் தானே ஒன்றிரண்டு டிகிரி ஏற்றிவிடும். ‘ஐ ஃபீல்’ அல்லது ‘ஃபாலோ மீ’ என்று சிலவற்றில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் ஏசி தன் தலைக்கு மேலே உள்ள சூட்டை விட்டுவிட்டு, ரிமோட் கிடக்கும் இடத்தின் சூட்டைப் பார்க்கும். தளம் சுடுகிற மாடி அறைக்கு இது நிஜமாகவே உதவுகிற சங்கதி. இதற்கு வைஃபை வேண்டாம், கணக்குத் திறக்க வேண்டாம், மின்னஞ்சல் முகவரி கேட்பாரும் இல்லை.

*

“மேல நீ எத வேணா மாட்டிக்கோ. கீழ காத்த மட்டும் மாத்தாத” என்கிறார் அப்பா.

கீழே முன்கட்டில் தறி. குழித்தறி. கால் மிதிக்கும் பள்ளத்து மண்ணின் ஈரம்தான் பாவு நூலைப் பதமாக வைத்திருக்கிறது. சித்திரையில் காய்ந்த காற்று அடித்தால் இழை மொறமொறத்து அறும், ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஐப்பசியில் நேர்மாறு: ஈரம் ஏறிப் பாவு தொய்யும். பட்டு தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும். அதனால்தான் பட்டு வணிகத்தில் 11 சதவீத ஈரம் என்று ஒரு கணக்கு வைத்து எடையைச் சரிசெய்கிறார்கள். ஏசி முதலில் செய்வது காற்றின் ஈரத்தைப் பிழிந்து வெளியே சொட்டவிடுவது. தறிக்கூடத்துக்கு அது கூடவே கூடாது. தறி நெய்கிறவருக்கு வியர்க்கிறதே என்றால், சேலைமேல் சொட்டாமல் துண்டு போட்டுக்கொள்வேன் என்கிறார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. எதிர்ச்சுவர் மூலையில், பாவுமேல் நேராக அடிக்காதபடி, ஒரு ஏர் கூலர் வைத்தால் கோடையில் ஈரமும் சேரும், அவருக்கும் கொஞ்சம் குளிரும் என்று ஒரு யோசனை. சென்னையின் கடற்காற்றில் கூலர் வேலைக்கு ஆகாது. நம் பக்கத்து மே மாதக் காய்ச்சலுக்கு ஆகும்.

எந்த ஸ்மார்ட் கருவியின் விளம்பரத்திலும் டிகிரிதான் கொட்டை எழுத்து, ஈரப்பதம் மூலையில். நெல் மண்டி ஊருக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஒரு கைப்பிடி நெல்லைக் கருவியில் போட்டு 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்றால் களத்துக்குத் திருப்பி அனுப்புகிற ஊர் இது. பட்டுப்புழு வளர்ப்பவர்களைக் கேட்டால் இன்னும் கறார். இளம்புழுவுக்கு 27, 28 டிகிரியும் 85 சதவீத ஈரமும். கூடு கட்டப்போகும் ஐந்தாம் பருவத்தில் 24 டிகிரி, 70 சதவீதம். புழுவுக்கும் அரசாங்கத்துக்கும் 24 ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் புழுக்காரர் இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்கிறார், ஏசிக்காரர் ஒன்றை மட்டும் சொல்கிறார்.

ஆகவே, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெப்ப–ஈரப்பதமானி இரண்டு. தறிக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. மாடியில் மழைநாள் புழுக்கத்துக்கு ஏசியின் ‘டிரை’ பட்டனே போதும்.

*

கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். 2023இல் 200இலிருந்து ஏற்றினார்கள். மாடி ஏசியை அந்த மின்சாரத்தில் ஓட்டலாமே என்றார் ஒரு நண்பர். தறிக்குத் தந்தது தறிக்கு.

*

சூடு பக்கம் எழுத அதிகமில்லை. மார்கழியில் ஜவ்வாதுமலைக் காற்று கீழே இறங்கினாலும் வீட்டைச் சூடாக்குகிற அளவுக்குப் போவதில்லை. கீசர் மட்டும். 15 லிட்டர் தண்ணீரை 25இலிருந்து 60க்குக் கொண்டுபோக 0.6 யூனிட், 2 கிலோவாட் கீசருக்கு இருபது நிமிடம்கூட ஆகாது. விடிய விடியப் போட்டு வைப்பதில்தான் கரண்ட் வீண். டைமர் உள்ள 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் இதற்குச் சரியான ஜோடி, காலை ஐந்தேகாலுக்குத் தானே போட்டு ஐந்தே முக்காலுக்கு அணைக்கும். 10 ஆம்பியர் பிளக்கை இதற்குப் போடக் கூடாது, சூடேறி உருகலாம்.

*

நெஸ்ட்டின் முதல் இரண்டு தலைமுறைக் கருவிகளுக்கான ஆதரவை 2025 அக்டோபர் 25ஆம் தேதியோடு கூகுள் நிறுத்தியது. சுவரில் கையால் திருகினால் வேலை செய்யும், ஃபோனிலிருந்து முடியாது. வாங்கிப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தாலே அதிகம். அப்பாவின் தறிமரம் தாத்தா காலத்தது.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்து கிடைத்தது: உங்கள் கம்பெனியின் செயலி நின்றுபோனால் ஏசி எதைக்கொண்டு ஓடும்? கூடவே இன்னொன்று. அம்மாவிடம் ஸ்மார்ட்ஃபோன் இல்லை. கண்ணாடி போடாமல் ரிமோட்டின் எழுத்தும் தெரியாது. ஆன், ஆஃப், கூட்டு, குறை என்று நான்கு பட்டன் மட்டும் உள்ள பெரிய ரிமோட் தனியாகக் கிடைக்குமா? இரண்டு கடையில் சிரித்தார்கள். மூன்றாவது கடைக்காரர் ஆர்டர் போட்டுப் பார்க்கிறேன் என்று ஃபோன் நம்பர் வாங்கிக்கொண்டார்.