சூப்பர் கப் என்று ஒரு மேட்ச் இருந்ததுங்க

ஆகஸ்ட் பிறந்தால் போதும், நம்ம வகுப்பில் பாதிப் பேருக்கு இங்கிலாந்தின் கம்யூனிட்டி ஷீல்டு என்றைக்கு என்று மனப்பாடமாகத் தெரியும். போன வருட லீக் சாம்பியனும் எஃப்.ஏ. கோப்பை ஜெயித்த அணியும் மோதுகிற ஒரே ஒரு மேட்ச். அதோடு சீசன் ஆரம்பம். 1908-ல் மான்செஸ்டர் யுனைடெட்டும் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸும் ஆடியதுதான் முதல் ஆட்டம். டிராவாகி, மறுபடி ஆடி, மான்செஸ்டர் 4-0 என்று ஜெயித்தது. 2002 வரைக்கும் அதற்குச் சாரிட்டி ஷீல்டு என்று பெயர். இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் ஆட்கள் நம்மிடம் உண்டு. நம்ம நாட்டில் இப்படி ஒரு மேட்ச் இருந்ததா என்று கேட்டால் மட்டும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம்.

இருந்ததுங்க. 1997-லிருந்து 2011 வரை. பேர் இந்தியன் சூப்பர் கப்.

தேசிய கால்பந்து லீக் 1996-ல் ஆரம்பித்தது. முதல் சாம்பியன் பஞ்சாபின் ஜே.சி.டி. மில்ஸ். அதற்கு ரொம்ப முன்னாடியே, 1977-லிருந்து, ஃபெடரேஷன் கோப்பை நடந்துகொண்டிருந்தது. ஆக இரண்டு சாம்பியன்கள். இரண்டு பேரையும் ஒரு நாள் மோதவிட்டு யார் பெரியவர் என்று பார்ப்போம் என்பதுதான் சூப்பர் கப். எளிமையான யோசனை, நல்ல யோசனையும்கூட. ஆனால் அதை நடத்தின விதம் இருக்கே... நடுவில் சில வருடங்கள் நடத்தவே இல்லை. 2007-ல் லீக் ஐ-லீக் என்று பெயர் மாறின பிறகு கொஞ்ச காலம் ஒழுங்காக நடந்தது. ஜெயித்ததெல்லாம் கொல்கத்தா, கோவா அணிகள், ஒரு தடவை மும்பையின் மஹிந்திரா யுனைடெட். தமிழ்நாட்டு அணி ஒன்றுகூட அந்த மேட்சில் ஆடும் இடத்துக்கு வரவில்லை.

கடைசி ஆட்டம் 2011-ல். அந்த வருடம் கோவாவின் சல்கோக்கர் ஐ-லீக்கையும் ஜெயித்தது, ஃபெடரேஷன் கோப்பையையும் ஜெயித்தது. அப்போ யாரோடு மோதுவது? ஃபெடரேஷன் கோப்பை ஃபைனலில் அவர்களிடமே தோற்ற ஈஸ்ட் பெங்காலைக் கூப்பிட்டார்கள். அவர்கள் பெனால்டியில் சல்கோக்கரை வென்று கோப்பையைக் கொண்டு போனார்கள்! அதற்கப்புறம் அந்த மேட்ச் நடக்கவே இல்லை. பெரிய அறிவிப்பெல்லாம் கிடையாது. அடுத்த வருடம் யாரும் அதை நடத்தவில்லை, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், ஒரே ஒரு மேட்ச் கோப்பையாக நிலைக்க வேண்டுமென்றால் முதலில் அதற்கு ஒரு தேதி வேண்டும். ஊர்த் திருவிழா மாதிரி. தேதி தெரியாத திருவிழாவுக்கு யார் போவார்?

எங்கள் குத்தாலத்தில் அதே மாதிரி ஒரு தேதி உண்டு. ஜூன் 12. மேட்டூர் அணை திறக்கிற நாள். அன்றைக்குத் தண்ணீர் விட்டால்தான் குறுவை என்று நிம்மதியாகப் பேச முடியும். 2024-ல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூன் 12 திறக்கவில்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அந்த ஆறு வாரம் டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது. போர்செட் வைத்திருந்தவர் நட்டார், மற்றவர் வானத்தைப் பார்த்தார்.

ஆனால் எங்கள் கால்பந்து செட்டுக்கு இது நேர் தலைகீழ். எங்கள் மைதானம் காவிரி மணல்தான். பங்குனியில் ஆறு காய ஆரம்பித்தால் எங்கள் சீசன் ஆரம்பம். நாணலை வெட்டி ஒதுக்கிவிட்டு, செருப்பையும் செங்கல்லையும் வைத்து கோல் போஸ்ட். மணலில் பந்து உருளாது, தூக்கித்தான் ஆட வேண்டும். வெறுங்காலில் மதிய மணலில் நின்றவனுக்குத்தான் அந்தச் சூடு தெரியும். தண்ணீர் வந்ததும் சீசன் முடிந்தது. ஊரே சந்தோஷப்படும்போது நாங்கள் ஏழெட்டுப் பேர் மட்டும் கரையில் பந்தோடு நிற்போம் :)

இந்தப் பைத்தியத்தைப் பார்த்துத்தான் என் பெரியப்பா ஒருநாள், "டே தம்பி, டூராண்ட் கப்புன்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டார். அவர் மதராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். வெலிங்டனில் பயிற்சி. குன்னூர் பக்கத்தில் இருக்கிற அதே வெலிங்டன். எனக்குத் தெரியாது என்றேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு ஆறிப்போனது.

டூராண்ட் கோப்பை 1888-ல் சிம்லாவில் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் மார்ட்டிமர் டூராண்ட், பிரிட்டிஷ் இந்தியாவின் வெளியுறவுச் செயலர். 1893-ல் ஆப்கானிஸ்தானுக்கு எல்லை வகுத்தாரே, அந்த டூராண்ட் கோடு, அவர்தான். எல்லைக் கோடு இன்னும் சண்டையில் கிடக்கிறது, கோப்பை மட்டும் நன்றாக இருக்கிறது. முதலில் முழுக்க வெள்ளைக்காரப் பட்டாளங்களின் போட்டி. 1940-ல் டெல்லிக்கு வந்தது. அந்த வருடமே முகமதன் ஸ்போர்ட்டிங், ராயல் வார்விக்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று தோற்கடித்து, இந்தக் கோப்பையை ஜெயித்த முதல் இந்திய அணி ஆனது.

பெரியப்பா சொல்ல வந்தது அதுவல்ல. 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பையை ஜெயித்தது மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடின போட்டியில் நீலகிரியிலிருந்து போன ஒரு ராணுவ அணி இரண்டு தடவை! கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர். சென்டர் ஃபார்வர்டாக ஆடிக்கொண்டிருந்தவர் ராணுவத்துக்கு வந்துதான் கோல்கீப்பர் ஆனார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் இரண்டு ஒலிம்பிக்குக்கும் போனார். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். 1967-ல் அர்ஜுனா விருது. 2008-ல் இறந்தார். பெரியப்பா பட்டாளத்தில் சேர்ந்தபோது தங்கராஜ் அங்கே இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார்.

டூராண்ட் அப்போது சீசன் தொடக்கப் போட்டி கிடையாது, டெல்லிக் குளிரில் நடந்தது. இப்போதுதான் அப்படி ஆனது. 2019-ல் கோப்பை கொல்கத்தாவுக்குப் போனது, கோகுலம் கேரளா ஜெயித்தது. 2021-லிருந்து ஐ.எஸ்.எல். அணிகள் புது சீசனுக்குத் தயாராகும் போட்டி இதுதான். சூப்பர் கப் விட்டுப்போன இடத்தில் 1888-ன் கிழவர் வந்து உட்கார்ந்துகொண்டார். சூப்பர் கப் என்ற பெயரையும் வீணாக்கவில்லை. 2018-ல் ஃபெடரேஷன் கோப்பைக்குப் பதிலாகப் பல அணிகள் ஆடும் ஒரு போட்டி ஆரம்பித்து, அதற்கு அந்தப் பெயரை வைத்து, சீசன் கடைசியில் நடத்தினார்கள். தொடக்கத்துக்கு வைத்த பெயர் முடிவுக்கு!

2019-ஐ நினைத்தால்தான் எனக்கு வயிறு எரியும். மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி, மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. அதே சீசனில் ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூரு. பழைய சூப்பர் கப் மாதிரி இரண்டு சாம்பியன்களுக்கு ஒரு மேட்ச் என்று வைத்திருந்தால் தமிழ்நாடும் கர்நாடகமும் மோதியிருக்கும். காவிரிக்கரைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தமாஷ் என்னவென்றால், அவர்கள் மோதத்தான் செய்தார்கள். புது சூப்பர் கப்பின் காலிறுதியில், புவனேஸ்வரில். சென்னை சிட்டி 2-1 என்று ஜெயித்தது. அரையிறுதியில் கோவாவிடம் தோற்றது. தனியாக ஒரு நாள், தனியாக ஒரு கோப்பை என்று இருந்திருந்தால் ஊர் பேசியிருக்கும். பத்தோடு பதினொன்றாகப் போய்விட்டது. அந்தக் கிளப்பே இரண்டு வருடத்தில் ஐ-லீக்கிலிருந்து காணாமல் போனது வேறு கதை.

சரி, பழைய கதையை இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், எங்களோடு ஆற்று மணலில் ஆடின ஒருவன் சென்னைக்குப் போய் ஒரு சின்ன கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தான். லெஃப்ட் விங். எங்கள் செட்டில் உண்மையாகவே ஆடத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். பெரிய கிளப் ஏதாவது ட்ரையல்ஸ் வைக்கும், போகலாம் என்று காத்திருந்தான். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வைத்தார்கள். லீக் நடத்தும் நிறுவனத்துக்கும் கால்பந்து சம்மேளனத்துக்கும் ஒப்பந்தம் முடிகிற நேரம், புது ஒப்பந்தம் இல்லை. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் அணி வேலைகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. பல கிளப்புகள் டூராண்டுக்கே வரவில்லை. ஆனாலும் டூராண்ட் நடந்தது. ஃபைனலில் நார்த் ஈஸ்ட் யுனைடெட், டைமண்ட் ஹார்பரை 6-1 என்று வென்றது. சீசனுக்குத் திறப்பு விழா முடிந்தது, சீசன்தான் இல்லை. அந்த வருடம் முடிகிற வரைக்கும் லீக் ஆரம்பிக்கவே இல்லை.

ட்ரையல்ஸும் இல்லை. அவன் ஊருக்கு வந்து சம்பா நடவு முடிகிற வரை மாமா வீட்டு டிராக்டர் ஓட்டினான். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது, மணலில் ஆடக்கூட வழியில்லை. ஒருநாள் பெரியப்பா அவனைக் கூப்பிட்டு, "ஆர்மில ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்குடா, டூராண்டுல ஆர்மி டீம், நேவி டீம், ஏர்போர்ஸ் டீம் எல்லாம் இன்னும் ஆடுது பாரு. வெலிங்டனுக்கு ஒரு தடவ போயிட்டு வா" என்றார். அவன் ஒன்றும் பேசவில்லை. வயது வரம்பு என்ன என்று மட்டும் கேட்டான்.

கார்த்திகையில் இரண்டு பேரும் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினார்கள். பெரியப்பா பழைய ரெஜிமெண்ட் தொப்பியைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டு போனார்.