12 குல்லாவும் 13 பேரும்

உங்களுக்கு ஒரு கேள்வி மக்களே. வருஷத்தில் பத்து மாசம் வேலூர் வெயிலில் வெந்து, ஹாஸ்டல் ஃபேனைத் திட்டிக்கொண்டே படிக்கிற ஒருத்தன், செமஸ்டர் முடிந்ததும் குளிரைத் தேடிப் போறான். போய் இறங்கின நிமிஷத்திலிருந்து என்ன பண்றான்? குளிரை விரட்டுறான்! காசு கொடுத்துக் குளிரை வாங்கி, மறுபடியும் காசு கொடுத்து அதைத் துரத்துற ஒரே ஜீவன் நாமதான்.

போன டிசம்பரில் நாங்க 12 பேர் வேன் பிடிச்சு ஊட்டிக்குப் போனோம். எங்க அம்மா கட்டிக் கொடுத்தவை: ரெண்டு ஸ்வெட்டர், தைலம், சுக்குப் பொடி, அப்புறம் தாத்தா காலத்துக் குரங்கு குல்லா. "காதுல காத்து பூந்துச்சுன்னா அவ்ளோதான்" என்று மிரட்டல் வேற. வெட்கப்பட்டு அதைப் பையின் அடியில் ஒளிச்சு வெச்சேன். வேனில் ஏறி விசாரிச்சா, பன்னிரண்டு பையிலும் ஒரு குல்லா. அம்மாக்களுக்கு எல்லா மாவட்டத்திலும் ஒரே சிலபஸ்தான் போல.

மலை ரயிலில் போகத்தான் ஆசை. 46 கிலோமீட்டரை ஏற அது கிட்டத்தட்ட 5 மணி நேரம் எடுத்துக்கும், அந்த நிதானம் பிடிச்சிருந்தது. டிக்கெட் கிடைக்கலை. அதனால் தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கும் பல்சட்டம் எப்படி ரயிலை வழுக்காமல் ஏத்துதுன்னு ஒரு மெக்கானிக்கல் பையன் வேனிலேயே கிளாஸ் எடுத்தான். ஏற ஏற சிப்ஸ் பாக்கெட் உப்பினது. அதற்கும் ஒரு கிளாஸ். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும், ஆகமொத்தம் 12 டிகிரின்னு கணக்குப் போட்டான். பரீட்சையில் இது ரெண்டு மார்க். ராத்திரி பத்து மணிக்கு லாட்ஜ் பாத்ரூம் தரையில் வெறுங்காலோடு நின்னு பாருங்க, அப்போதான் பாடம் முழுசா ஏறும்.

அந்த ராத்திரிதான் விஷயமே. ரெண்டு ரூமுக்கும் சாவி வாங்கியாச்சு. "டிரைவர் அண்ணனுக்கு?" என்று கேட்டோம். "டிரைவருக்கெல்லாம் ரூம் கிடையாது தம்பி. வண்டியிலயே படுத்துப்பாரு" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். லாட்ஜுகள் டிரைவர்களுக்குப் படுக்க இடம் தரணும்னு 2023-ல் தமிழ்நாடு அரசு விதியே கொண்டுவந்தது. அதைச் சொன்னதும் அவர் ரொம்ப சுவாரஸ்யமாகத் தன் செல்போனைப் பார்க்க ஆரம்பிச்சுட்டார்.

கீழே போய்ப் பார்த்தால், அண்ணன் லுங்கியை இழுத்துப் போர்த்தி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பின் சீட்டில் சுருண்டு கிடக்கிறார். முந்தின ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டினவர். நாளன்னைக்கு எங்க பன்னிரண்டு உயிரையும் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கப்போறவர்.

"மேல வாங்கண்ணே."

"எனக்குப் பழக்கம்தான் தம்பி. வண்டிய யாரு பாத்துக்கிறது?"

"இந்தக் குளிர்ல வண்டியத் திருட வர்றவனுக்கு நாமளே டீ வாங்கித் தரணும்ணே. வாங்க."

பத்து நிமிஷம் கெஞ்சினதுக்கு அப்புறம் வந்தார். ஆறு பேர் ரூமில் ஏழாவது ஆள். ரெண்டு நிமிஷத்தில் குறட்டை. அன்னைக்கு எங்களில் யாரும் சரியாத் தூங்கலை. ஆனா ரூம் கொஞ்சம் சூடாச்சு, அதையும் சொல்லணும்.

விடியற்காலையில் தலைகுந்தாவில் புல்வெளி முழுக்க உறைபனி, உப்பைக் கொட்டின மாதிரி. ரீல்ஸுக்காக எங்க ஆளுங்க ஸ்வெட்டரைக் கழட்டிட்டுப் போஸ் கொடுத்தாங்க. "இது விழுந்தா தேயிலை கருகிடும் தம்பி, தோட்டக்காரன் வயிறு எரியும்" என்று அண்ணன் சொன்னதும் ஒருத்தன் மட்டும் போனை உள்ளே வெச்சான். மத்தவங்களுக்கு இன்னும் லைட்டிங் சரியா வரலை.

லாட்ஜ் புக் பண்ணும்போது கீசர் இருக்கா, வைஃபை இருக்கான்னு விசாரிப்பீங்க இல்ல? அதோட டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கான்னும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேட்டாத்தான் பதில் வரும்.

ஊர் திரும்பினதும் பதினொரு அம்மாக்கள் குல்லாவைத் துவைச்சு பீரோவில் வெச்சுட்டாங்க. எங்க அம்மா மட்டும் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. போன வாரம் வேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அண்ணன் வேனைப் பார்த்தேன். குல்லா ஸ்டியரிங் பக்கத்தில், வெயிலில் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு.