பூட்டாமல் தந்தவர்களுக்கு ஒரு மடல்

புல்மோட்டை,
திருகோணமலை மாவட்டம்.

பேரிடர் நிவாரணத்துக்கான சஹானா மென்பொருளை எழுதிய தொண்டர்களுக்கு,

உங்களில் பெரும்பாலானோரின் பெயர் எனக்குத் தெரியாது. லங்கா மென்பொருள் அறக்கட்டளையை 2003இல் தொடங்கிய சஞ்சீவ வீரவரண அவர்களையும், சஹானாவை முன்னின்று நடத்திய சமிந்திர டி சில்வா அவர்களையும் வாசித்து அறிந்திருக்கிறேன். மற்றவர்கள் எனக்கு முகம் தெரியாதவர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, சம்பளம் கேட்காமல், யாரும் அழைக்கும் வரை காத்திருக்காமல் கணினி முன் உட்கார்ந்தவர்கள் நீங்கள் என்பது மட்டும் தெரியும். உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடல்.

நான் இங்கே ஒரு சேவை நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் உள்ளக இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. படிவங்கள், சுற்றறிக்கைகள், கூட்டக் குறிப்புகள், எந்தக் கிராமத்தில் எந்த வேலைக்கு யாரைப் பிடிக்க வேண்டும் என்ற விவரம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இப்படி ஒரு தளத்தை வாங்குவதற்குப் பணம் இருந்தால் போதும். வாங்கிச் சில வருடங்கள் கழிந்த பிறகும் ஆட்கள் அதைத் திறந்து பார்க்க வேண்டும், பார்த்ததை நம்ப வேண்டும். அதற்குப் பணம் மட்டும் போதாது. வேறு என்ன வேண்டும் என்பதை நான் உங்கள் வேலையிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். அந்தக் கடனைச் சொல்லாமல் வைத்திருக்க மனம் இடம் தரவில்லை.

அந்தச் சுனாமியில் இலங்கைத் தீவில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிழக்குக் கரையில் அடி வாங்காத ஊர் அரிது. எங்கள் கரையும் வாங்கியது. அன்று திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்கு வரும் தெருவில் இன்றுள்ள பாலங்கள் இல்லை. ஆறும் களப்பும் குறுக்கிடும் இடங்களில் மிதவைப் பாதைக்குக் காத்திருந்துதான் வண்டிகள் அக்கரை ஏற வேண்டும். நிவாரணம் தர வந்தவர்கள் நிறையப் பேர். எந்த நிறுவனம் எந்த ஊரில் என்ன செய்கிறது என்பது மற்ற நிறுவனத்துக்குத் தெரியவில்லை. ஒரு முகாமில் உடுப்பு குவிந்து கிடக்க, அடுத்த முகாமில் பிள்ளைக்குப் பால்மா இல்லை என்ற நிலை கரை நெடுகிலும் இருந்தது. கொடுக்கிற மனம் பெருகிக் கிடந்தது. தேவை எங்கே என்று காட்டும் பொதுவான ஏடுதான் இல்லை.

அந்த ஏட்டைத்தான் நீங்கள் சில வாரங்களுக்குள் எழுதினீர்கள். சஹானாவின் அடிப்படைப் பகுதிகளை இன்றும் நான் ஒரு பாடப்புத்தகம் போலப் பார்க்கிறேன். காணாமல் போனோர் பதிவேடு, தேடுகிறவரையும் தேடப்படுகிறவரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. நிறுவனப் பதிவேடு, யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்பதை எல்லோர் கண்ணுக்கும் வைத்தது. முகாம் பதிவேடு, எந்த முகாமில் எத்தனை பேர் என்று சொன்னது. கோரிக்கைகளுக்கான பகுதி, இதோ தேவை என்ற குரலையும் இதோ இருக்கிறது என்ற குரலையும் இணைத்தது. நான்கும் சாதாரணக் கேள்விகளுக்கான பதில்கள். எந்த அலுவலகத்திலும் ஒரு புதிய ஊழியர் முதல் நாளே கேட்கும் கேள்விகளும் அவைதான்: யாரைக் கேட்பது, யார் எதைப் பார்க்கிறார்கள், என்ன கையிருப்பில் இருக்கிறது, என்ன இல்லை? நல்ல உள்ளகத் தளம் என்பது இந்தக் கேள்விகளுக்குத் தாமதமில்லாமல் பதில் சொல்வது. படாடோபமான முகப்புப் பக்கமும் பணிப்பாளரின் வாழ்த்துச் செய்தியும் அதற்குப் பிறகு வரட்டும்.

புல்மோட்டைக் கடற்கரையின் கறுத்த மணலைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1957இல் அதற்கென்றே அரசு ஒரு கூட்டுத்தாபனம் அமைத்தது. கலந்து கிடக்கும் வரை அது காலில் ஒட்டுகிற மணல். தண்ணீரிலும் காந்தத்திலும் இட்டுப் பிரித்தெடுத்த பிறகே அது இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் என்று பெயரும் விலையும் பெறுகிறது. தகவலும் அப்படித்தான். எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு நாளைக்கு வந்து விழும் செய்திகளில் பெறுமதியானவை நிறைய உண்டு. பிரித்து, பெயரிட்டு, உரிய இடத்தில் வைக்காவிட்டால் மறுவாரமே அவை யாருக்கும் கிடைக்காது. பிரித்து வைக்கும் பொறுமையை நீங்கள் எங்களுக்குக் கற்றுத் தந்தீர்கள். அதற்கு என் முதல் நன்றி.

இரண்டாவது நன்றி, நீங்கள் சுனாமி நாட்களோடு நிற்காததற்கு. அந்த நாட்களில் நிவாரண வேலைகளை ஒருங்கிணைக்க அரசு அமைத்த தேசிய நடவடிக்கை மையத்தில்தான் உங்கள் மென்பொருள் பயன்பட்டது. மையம் சில வாரங்களில் கலைக்கப்பட்டது. வழமையாக இந்த இடத்தில் கதை முடிந்துவிடும். திட்டம் முடியும், பணம் முடியும், ஆட்கள் போவார்கள், அவர்கள் கட்டிய தளம் திறக்காத பக்கமாகிவிடும். சுனாமிக்குப் பிறகு எங்கள் மாவட்டத்துக்கு எத்தனையோ நிறுவனங்கள் வந்தன. போகும்போது கணக்கெடுப்புகளையும் வரைபடங்களையும் தங்களோடு கொண்டுபோனவை பல. ஒரே வீட்டுக்காரர் தன் இழப்பைத் திரும்பத் திரும்பப் புதிய ஆட்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது அதனால்தான். நீங்கள் அவசரத்தில் எழுதியதை அப்படியே மூட்டை கட்டி வைக்கவில்லை. சுவீடன் அரசின் அபிவிருத்தி நிறுவனமான சீடாவின் உதவியோடு 2005இலேயே அதைத் திருத்தி எழுதினீர்கள். கட்டற்ற மென்பொருளாக, யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தும்படி வெளியிட்டீர்கள்.

அதன் பலனை உலகம் கண்டது. 2005 ஒக்டோபரில் பாகிஸ்தானில் நிலம் நடுங்கியபோது சஹானா அங்கே போனது. 2006இல் பிலிப்பைன்ஸின் மண்சரிவுக்கும் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்கும் போனது. நியூயோர்க் நகரின் அவசரகால அலுவலகம் புயற்காலத் தஞ்சமிடங்களுக்காக அதை எடுத்துக்கொண்டது. 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது அதன் புதிய வடிவம் வேலை செய்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுள்ள திட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விருதை உங்களுக்குத் தந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே விருது விக்கிப்பீடியாவுக்குப் போயிருந்தது. நம் தீவின் துயரத்திலிருந்து எழுந்த ஒரு வேலை இன்னொரு நாட்டின் துயரத்துக்குக் கை கொடுத்தது என்பதை இங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லும் போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஆட்கள் போகும்போது தகவலும் போய்விடும் என்ற கவலையில்தான் உலகளாவிய வலையே பிறந்தது. 1989 மார்ச்சில் டிம் பேர்னர்ஸ் லீ, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வகத்தில் தன் மேலதிகாரிகளுக்கு ஒரு முன்மொழிவு எழுதினார். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வருடங்கள் இருந்துவிட்டுப் போகிறார்கள், அவர்களோடு தகவலும் போகிறது என்பது அவர் கண்ட குறை. அந்தக் குறையைத் தீர்க்க அவர் நினைத்த வழியே பிறகு உலகளாவிய வலையானது. சேர்னில் இரண்டு வருடம் என்றால், எங்கள் பகுதியில் ஓர் உத்தியோகத்தருக்கு இடமாற்றக் கடிதம் எப்போதும் வரலாம். அவர் தலைக்குள் இருப்பது மேசையில் தங்க வேண்டுமென்றால், அவர் இருக்கும்போதே அது எழுதப்பட வேண்டும்.

உங்களைப் பார்த்து எங்கள் அலுவலகத்தில் நாங்கள் சில வழக்கங்களை ஏற்படுத்தியிருக்கிறோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பானவரின் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த திகதியும் மேலேயே இருக்கும். பெயர் இல்லாத பக்கத்தை யாரும் திருத்துவதில்லை, திகதி இல்லாத விவரத்தை யாரும் நம்புவதில்லை. தொலைபேசியில் ஒருவருக்குச் சொன்ன பதில் இன்னொருவருக்கும் தேவைப்படும் என்று தோன்றினால், அன்றே அது தளத்தில் ஏற வேண்டும். இடம் மாறிப் போகிறவர் சாவிக் கொத்தைக் கொடுப்பதற்கு முன் தன் பக்கங்களை அடுத்தவரின் பெயருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். பழையதானதை அழிக்காமல், பழையது என்று குறித்துத் தனியே வைக்கிறோம். ஒரு வருடத்துக்கு முன் ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்ற கேள்வி என்றாவது வரும். கையில் கைபேசி மட்டும் உள்ள களப் பணியாளர், சிக்னல் குறைந்த இடத்தில் நின்றும் திறக்கக்கூடியதாகப் பக்கங்களை இலேசாக வைத்திருக்கிறோம். பார்வைக்குச் சிறிய வேலைகள். தளத்தின் ஆயுளைக் கூட்டியவை இவைதான்.

பெயர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். புல்மோட்டையைச் சுற்றி முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் வாழ்கிறோம். ஒரு மனிதரின் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரியும், வைத்தியசாலை அட்டையில் இன்னொரு மாதிரியும், ஆங்கிலக் கடிதத்தில் மூன்றாவது மாதிரியும் இருக்கும். ஓர் எழுத்துப் பிசகினால் தேடலில் ஆள் கிடைக்கமாட்டார். 2009 மார்ச்சில், உள்நாட்டுப் போர் நடந்த வன்னிக் கரையிலிருந்து காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடல் வழியாக எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தது. இந்திய மருத்துவக் குழு இங்கே அவசர வைத்தியசாலை அமைத்து அவர்களைப் பார்த்தது. அப்படி வந்து இறங்கிய ஒவ்வொருவரையும், ஒரு பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எங்கோ ஒரு குடும்பம் தேடிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் ஒரு பெயரைச் சரியாக எழுதுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இந்த ஊருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் உங்கள் பதிவேடுகளில் முதலிடத்தைக் காணாமல் போனோருக்குக் கொடுத்தீர்கள். மனிதரை முன்னால் வைத்துப் பொருளைப் பின்னால் வைத்த அந்த வரிசைக்கு நான் தலை வணங்குகிறேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்டது. எங்கள் மாவட்டத்திலும் வெள்ளம் ஊர்களைச் சூழ்ந்தது. மறுபடியும் அதே கேள்விகள் எழுந்தன: யார் எங்கே, என்ன தேவை, யாரிடம் இருக்கிறது? எங்கள் தளத்தில் கிராமவாரியான தொடர்புப் பட்டியல் முன்பே சரிபார்த்து வைக்கப்பட்டிருந்ததால், முதல் மணித்தியாலங்களைத் தேடலில் கழிக்காமல் வேலையில் செலவிட முடிந்தது. எந்தப் புதிய கருவியும் அந்த நேரத்தைத் தந்திருக்காது. வெயில் காலத்தில், ஒரு நெருக்கடியும் இல்லாத நாட்களில், அலுப்புப் பாராமல் விவரம் சரிபார்த்த என் சக ஊழியர்கள் தந்த நேரம் அது. அவர்களுக்கும் இந்த மடலிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். கணக்காளர் முதல் சாரதி வரை, தனக்குத் தெரிந்ததை மற்றவருக்காக எழுதி வைத்த ஒவ்வொருவரும் உங்கள் வரிசையில் நிற்கத் தகுந்தவர்கள்.

இது திறந்த மடல் என்பதால் வாசிக்கும் மற்றவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நிறுவனத் தலைவர்களே, தளத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை அதைப் பேணும் மனிதரின் நேரத்துக்கு ஒதுக்குங்கள். அந்த வேலையை அவருடைய கடமைப் பட்டியலில் எழுதுங்கள். மிச்ச நேரத்தில் பார்க்கச் சொல்லாதீர்கள். திட்டம் முடிந்து ஊரை விட்டுப் போகும் நிறுவனங்களே, தனிமனிதர் விவரங்களைப் பாதுகாத்து, மற்ற விவரங்களைப் பிரதேச செயலகத்திலோ ஊர்ச் சங்கத்திலோ விட்டுச் செல்லுங்கள். அவை இந்த மக்கள் தங்கள் வாயால் சொன்ன விவரங்கள். கணினி படிக்கும் எங்கள் குச்சவெளிப் பிரதேசத்துப் பிள்ளைகளே, சஹானாவின் நிரல் இன்றும் திறந்தே இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். பேரிடரில் உதவுவதற்கு அரிசி மூட்டை தூக்கும் தோள் வேண்டும். அந்த மூட்டை எங்கே போக வேண்டும் என்று பிழையில்லாமல் காட்டும் கையும் வேண்டும்.

தொண்டர்களே, நீங்கள் எழுதிய வரிகளில் பல இன்று திருத்தப்பட்டிருக்கும், சில முற்றாக நீக்கப்பட்டிருக்கும். அதில் உங்களுக்கு வருத்தம் இருக்காது என்று நம்புகிறேன். மற்றவர் கை பட்டுத் திருந்துவதற்காகத்தானே அதைப் பூட்டாமல் தந்தீர்கள். ஒவ்வொரு வருடமும் வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் எங்கள் தளத்தின் பக்கங்களை முழுமையாகச் சரிபார்ப்பதாக நானும் என் சக ஊழியர்களும் முடிவு செய்திருக்கிறோம். உங்களுக்கு நாங்கள் செலுத்தக்கூடிய நன்றி அந்த வேலைதான். அதைத் தவறாமல் செய்வோம்.



புல்மோட்டையிலிருந்து
உள்ளகத் தளம் ஒன்றைப் பேணும் ஊழியர்