ரெண்டு செடிதானே!

நான் பி.காம். படித்தவன். பற்று, வரவு, ஐந்தொகை எல்லாம் ஓரளவு தெரியும். விவசாயம் தெரியாது. ஆனால் ‘தெரியாது’ என்று சொல்கிற பழக்கம் பத்திரிகைக்காரனுக்குக் கிடையாது பாருங்கள், அதனால் வந்த வினைதான் இது.

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம் என் சின்னம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. 2018 நவம்பர் 16-ம் தேதி விடிவதற்குள் கஜா புயல் அதைப் படுக்கப் போட்டுவிட்டது. அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் இந்தத் தேதியைச் சொல்வார்கள். நாற்பது வருஷ மரமெல்லாம் தீக்குச்சி மாதிரி முறிந்து கிடந்தது. சித்தப்பா அதற்கு முன்பே போய்விட்டார். பரவாயில்லை, அவர் அதைப் பார்க்கவில்லை.

சின்னம்மா உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை. மரங்களை அப்புறப்படுத்தி, புதுக் கன்று நட்டார். கன்று காய்க்க ஐந்தாறு வருஷமாகும். அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு?

‘‘ஊடால உளுந்து போடுறேன் தம்பி. எழுவது நாள்ல காசு’’ என்றார் போனில்.

நாலு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. பல வருஷமாக வீட்டுப் பானையிலேயே எடுத்து வைத்திருந்த விதை. போர்வெல் தண்ணீர். 2019, மாசிப் பட்டம். நாலு மூட்டைக்குக் குறையாது என்று மனக்கணக்கு.

விதைத்து இருபது நாள் இருக்கும், ஊருக்குப் போயிருந்தேன். பயிர் ஒரு சாண் உயரத்தில் அழகாக நின்றது. சின்னம்மா என்னை ஒரு ஓரத்துக்குக் கூட்டிப் போனார். ரெண்டு செடிகளின் கொழுந்து இலையில் மஞ்சள் புள்ளிகள். யாரோ மஞ்சள் தண்ணீரைத் தெளித்த மாதிரி.

‘‘இதைப் புடுங்கிரவா தம்பி? பக்கத்துல உள்ளதும் கெட்டுப்போகும்ல?’’

‘‘ரெண்டு செடிதானே சின்னம்மா! வளர்ற செடியை ஏன் பிடுங்கணும்? ஏதாவது சத்துக் குறைவா இருக்கும். நான் மருந்துக் கடையில கேட்டுட்டு வர்றேன்.’’

செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் படத்தை ஒரு விநாடி பார்த்தார், என் சட்டையை ரெண்டு விநாடி பார்த்தார். சத்துக் குறைவுதான் என்றார். ஒரு பாக்கெட், ஒரு பாட்டில், ‘கூடவே கொஞ்சம் யூரியா போடுங்க.’ ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என் காசுதான். பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியோடு சென்னைக்கு பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது.

‘‘தம்பி, வயலு பூராவும் மஞ்சப் பூசுன மாதிரி இருக்கு.’’

கிடைத்தது முக்கால் மூட்டை. அதிலும் பாதி சூம்பல்.

சின்னம்மா வீட்டிலிருந்து வம்பன் ரொம்பத் தூரமில்லை. வம்பன் நாலு ரோட்டில் எத்தனையோ தடவை பஸ் மாறியிருக்கிறேன். அந்தப் பெயரை வைத்துச் சின்ன வயதில் கிண்டல் அடித்ததோடு சரி. அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறு வகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நம் வீட்டு உளுந்துக்கு என்ன நோய் என்று கேட்க, நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆள் வைத்திருக்கிறார்கள். அங்கே போகாமல் கடைக்குப் போனவன் நான்.

அறுவடை முடிந்த பிறகு போனேன். குற்ற உணர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு ஆராய்ச்சியாளர் என்னை வயலுக்கே கூட்டிப் போனார். போனவன் திகைத்து நின்றேன். வயலில் சில வரிசைகள் பச்சை. நடுநடுவே சில வரிசைகள் சின்னம்மா வயலைப் போலவே முழு மஞ்சள்!

‘‘என்ன சார், இங்கேயுமா?’’

சிரித்தார். அது வேண்டுமென்றே விதைத்ததாம். கோ 5 என்கிற இரகம் இந்த நோய்க்குச் சீக்கிரம் மடங்கும். புது உளுந்துகளுக்குப் பக்கத்தில் அதை ஒரு வரிசை போட்டு, நோயை வரவழைத்து, எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்கிறார்கள். மஞ்சள் தேமல் நோய்க்கு வம்பன் மண் தாய்வீடு மாதிரி. அந்தச் சோதனைக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்றார். நோயை விருந்தாளி போல உட்காரவைத்து ஆராய்ச்சி செய்கிறவர்களை அன்றுதான் பார்த்தேன்.

மஞ்சள் தேமல், சத்துக் குறைவே இல்லை. வைரஸ். 1960-ல் டெல்லிப் பாசிப்பயறில் இது இருப்பதாக நரியானி என்ற விஞ்ஞானி எழுதினார். வட இந்தியாவில் ஒரு வைரஸ், நம் பக்கம் அதன் பங்காளி. அதைச் சுமந்து திரிவது வெள்ளை ஈ. பெயர்தான் ஈ, அசுவினிக்குத்தான் அது சொந்தம். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, இலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். நோய் வந்த செடியில் கால் மணி நேரம் உறிஞ்சினால் போதும், வைரஸ் ஏறிவிடும். அடுத்த செடியில் இன்னொரு கால் மணி நேரம், இறக்கிவிடும். ஒருமுறை ஏறிய வைரஸ் நாள் கணக்கில் அதனுடனேயே இருக்கும்.

‘‘வைரஸைக் கொல்ல மருந்து?’’

‘‘செடிக்குள்ள போயிட்டா கிடையாது சார்.’’

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு அடி. வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகும், அதனால் மாசிப் பட்டத்தில் கவனமாக இருக்கணும். யூரியா அதிகமானால் இலை தளதளவென்று வளர்ந்து இந்த மாதிரி சாறு உறிஞ்சிகளுக்கு விருந்து. கண்ட பூச்சிமருந்தையும் அடித்தால் வெள்ளை ஈயைத் தின்கிற நல்ல பூச்சிகள் முதலில் சாகும், ஈ முன்பைவிட அதிகமாக வரும். பஞ்சாபில் 2015-ல் மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் இதே வெள்ளை ஈ பருத்தியைச் சூறையாடியதே, நினைவிருக்கிறதா என்றார். நினைவிருந்தது. அந்தச் செய்திக்குத் தலைப்பு வைத்ததே நான்தான்.

‘‘முதல் ஒரு மாசம் ரொம்ப முக்கியம். தினமும் வயலைச் சுத்தி வரணும். ஒரு செடி மஞ்சளாத் தெரிஞ்சாலும் வேரோட பிடுங்கிப் புதைச்சிடணும். அந்த ரெண்டு செடிதான் சார் ஆஸ்பத்திரி... இல்ல, பஸ் ஸ்டாண்டு. ஈ அங்கேதான் ஏறும்.’’

கல்லூரியில் வாராக்கடன் என்று ஒரு பாடம் உண்டு. வராது என்று தெரிந்த கடனை அந்த வருஷமே நஷ்டத்தில் எழுதித் தள்ளணும். மனசு வராமல் ‘சொத்து’ பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தால் ஒருநாள் கடையையே சாத்த வேண்டியதுதான். அதில் நான் எண்பத்திரண்டு மார்க்.

கிளம்பும்போது அவர் வம்பன் 8 பற்றிச் சொன்னார். 2016-ல் வெளியிட்ட இரகம், மஞ்சள் தேமலைத் தாங்கும், காய்கள் ஒரே சமயத்தில் முற்றும். வம்பனில் உருவான சில இரகங்களின் வம்சத்தில் காட்டு உளுந்து இருக்கிறதாம். யாரும் சமைக்காத அந்தக் காட்டுச் செடியிடமிருந்துதான் எதிர்ப்புச் சக்தியைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். ‘‘ஆனா இதையும் நிரந்தரம்னு நினைச்சிடாதீங்க, வைரஸும் மாறிக்கிட்டே இருக்கும்’’ என்றார். விற்கிற ஆள் இப்படிப் பேசமாட்டான். அதனாலேயே நம்பிக்கை வந்தது.

புரட்டாசியில் சின்னம்மா வம்பன் 8 போட்டார். பன்னிரண்டு கிலோ விதை. விதை நேர்த்தி செய்து, வரப்பு ஓரம் சுற்றிலும் மக்காச்சோளம். வெள்ளை ஈ தங்கும் என்று வரப்பில் இருந்த துத்திச் செடிகளைப் பிடுங்கிப் போட்டார். மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டை விலைக்குக் கிடைக்கும், ஆனால் சின்னம்மா பழைய எண்ணெய் டின்னுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, விளக்கெண்ணெய் தடவிக் குச்சியில் கவிழ்த்து வைத்தார். காலையில் பார்த்தால் டின் முழுக்கப் பொடிப்பொடியாக வெள்ளை ஈ. அந்தப் போகத்தில் நாலு மூட்டைக்குக் கொஞ்சம் கூடவே வந்தது. சங்கிலி உடனே திரும்பவில்லை, அடுத்த பட்டத்துக்குத்தான் வந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில், வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். ‘‘சின்னம்மா, அன்னிக்கு அந்த ரெண்டு செடியை நீங்க புடுங்கியிருக்கணும். நான்தான் தடுத்துட்டேன்.’’

முறம் நிற்கவில்லை.

‘‘எனக்கும் தோணுச்சுப்பா. படிச்ச புள்ள சொல்லுதேன்னு விட்டேன்.’’

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று நட்ட கன்றுகள் இப்போது பாளை தள்ள ஆரம்பித்துவிட்டன. தென்னைக்கென்றே வேறு ஒரு வெள்ளை ஈ வந்து இலையெல்லாம் கருப்பாகப் படிகிறது, அது தனிக் கதை. நிழல் விழாத பக்கம் இன்னமும் உளுந்து போடுகிறார். போன மாதம் காலை ஆறரைக்கு போன்.

‘‘தம்பி, இன்னைக்குப் பதினோரு செடி.’’

‘‘போட்டோ அனுப்புங்க சின்னம்மா, வம்பன்ல கேட்டுச் சொல்றேன்.’’

‘‘எதை அனுப்புறது? புடுங்கிப் பொதைச்சாச்சு. நீ டீ குடிச்சியா?’’